ஊமைத் திராவகம்

மழை விட்டபாடில்லை. கண்ணாடிப் பட்டறைக்காரர்களுக்கு மழையில் இரண்டே வகைதான். மெழுகு காயும் மழை ஒன்று, மெழுகு காயாத மழை இன்னொன்று. இது இரண்டாவது வகை. முதலாளியம்மா விடிந்ததிலிருந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். வானம் பதில் பேசாததால் அலுத்துப்போய் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏ சித்திரம், விளக்கை இன்னும் கிட்ட நகர்த்து. மெழுகு வேர்த்துக்கிட்டு நிக்குது பாரு."

"கிட்ட வெச்சா உருகி ஓடிடும் அத்தை."

"உருகாத தூரத்துல வை. இதையும் நான்தான் சொல்லணுமா?"

மருமகள் ஹாலஜன் விளக்கின் கம்பிக் காலைப் பிடித்து அரைச் சாண் நகர்த்தினாள். அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. மெழுகு பூசிய கண்ணாடியில் கத்தி முனையால் கொடி, இலை, மீன், அலை என்று எதைக் கேட்டாலும் வரைந்துவிடுவாள். அளவுகோல் கூட வைக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கிண்டலாக வைத்த பேர்தான் சித்திரம். அவள் கை வேலையால்தான் பட்டறை ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும். முதலாளியம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் மருமகளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அவள் நினைத்தாள்.

வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. மெழுகு காய்ச்சும் கொட்டகை முற்றத்துக்கு ஒரு பக்கம், திராவக அறை மறுபக்கம். மருமகள் வரைந்து முடித்த கண்ணாடியை முற்றத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் படுக்கவைக்க வேண்டும். மெழுகு விலகிய கோட்டில் மட்டும் திராவகம் இறங்கிக் கண்ணாடியை அரிக்கும். பிறகு சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி, வெந்நீர் ஊற்றி மெழுகை வழித்தால் பனி படர்ந்ததுபோல வெள்ளையாகக் கொடி நிற்கும். அப்போது முதலாளியம்மா வருவாள். கண்ணை மூடிக்கொண்டு வெறும் விரலால் கோட்டைத் தடவிப் பார்ப்பாள். விரல் பார்ப்பது என்று அதற்குப் பேர். உறை போட்ட கைக்கு ஆழம் தெரியாது என்பாள். அலசியதில் எங்காவது கோட்டோரம் ஒரு சொட்டுத் தங்கியிருக்கும். அது அவள் விரலில் ஏறும். விரல் பார்த்துப் பார்த்தே வலது கையில் இரண்டு நகம் போயிருந்தது.

அந்தத் திராவகத்துக்குப் பட்டறையில் ஊமை என்று பேர். குளியலறை கழுவுகிற ஆசிட் மேலே பட்டால் பட்ட நொடியே ஊரைக் கூட்டிவிடும். இது அப்படியில்லை. பட்டதே தெரியாது, கொப்புளம் கிடையாது, தழும்பு கிடையாது. காலையில் பட்டது சாயந்தரம்தான் வாயைத் திறக்கும். திறந்தால் எலும்புக்குள்ளிருந்து பேசும். கேனைத் திறந்தவுடன் வருகிற தண்ணீர் கலக்காத சரக்கு மட்டும் உடனே எரிக்கும். தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டால் அது பசுவாகிவிட்டது என்று அந்த வீட்டில் ஒரு எண்ணம். கண்ணாடியையே தின்கிற சாமான், பசு மாதிரியாம்!

ஊமையை அடக்க ஒரே ஒரு வெள்ளைக் களிம்பு இருந்தது. சுண்ணாம்புச் சத்துள்ள களிம்பு. மருந்துக்கடையில் சொல்லிவைத்தால் எப்போதாவது வரும். அதற்கு முதலாளியம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். வலி வந்தால்தான் களிம்பு. வலி நிற்கிறவரை தேய்க்க வேண்டும், வலி நின்றால் ஆறிவிட்டது என்று அர்த்தம். விரல் நுனிகளைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் ஒருநாளும் பொய்த்ததில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமியாரின் விரல் வலிக்கும். மருமகள் எதிரே உட்கார்ந்து, அந்த நகமில்லாத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, வலி நிற்கிறவரை தேய்த்துவிடுவாள். குழாய் பாதிக்கு மேல் அப்படியே தீர்ந்திருந்தது.

அன்றைக்கு ஹோட்டல் ஒன்றின் குளியலறைக் கதவுகள். மறுநாள் காலையில் வண்டி வரும். கூலியாட்கள் மழையைச் சாக்கு வைத்து வரவில்லை. வீட்டு ஆட்களே எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. வீட்டு ஆட்கள் என்றால் சின்ன மகனும் அவன் பெண்டாட்டி சித்திரமும்தான். மூத்தவன் மாடியில் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் வாத்தியார். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன பிறகு அவன் கீழே வருவது சாப்பிட மட்டும்.

முதலாளியம்மா வேறொரு காரணத்துக்காகவும் கடுகடுவென்று இருந்தாள். சின்னவனும் பெண்டாட்டியும் தனிக்குடித்தனத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் சரியாக வருகிறதா என்று திறந்துகூடப் பார்த்தார்களாம். அதைப் பார்த்த தெருக்காரி ஒருத்தி வந்து சொன்னாள். முதலாளியம்மா அதைப் பற்றி இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. பயத்தை அவள் கோபமாகத்தான் காட்டுவாள், அவளுக்கு வேறு மாதிரி தெரியாது.

முற்பகலில்தான் அது நடந்தது. மருமகள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டும்போதெல்லாம் மழையில் நனைந்து, இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நின்றாள். பெரிய கண்ணாடிப் பலகை ஒன்று தொட்டிக்குள் பாதி இறங்கியிருந்தது. அவள் கீழ்முனையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். சின்னவன் ஒரு கையால் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புதுக் கேனிலிருந்து தொட்டிக்கு ஊற்றினான். உறையில் ஓட்டை இருந்திருக்கிறது. உள்ளே போன துளி அவன் இரண்டு விரலைப் பற்றியது. "அய்யோ அம்மா!" என்று கையை உதறினான். பலகை நழுவித் தொட்டியில் விழுந்தது. தொட்டி அலையடித்து மருமகளின் மடியில் கொட்டியது.

முதலாளியம்மா அந்த அலறலுக்கு எப்படி ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வரும்போதே களிம்புக் குழாய் கையில் இருந்தது. மகனின் கையைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி, குழாயை அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கி, இருந்ததையெல்லாம் அவன் விரலில் அப்பினாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான்.

"அழாதடா, என் ராசா. இதோ நின்னுடும். ஊது, ஊது."

"அத்தை, எனக்கும் மேல கொட்டிடுச்சு."

"எங்க?"

"மடியில. தொடை ரெண்டும் நனைஞ்சிருக்கு."

முதலாளியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஈரத்துணியோடு ஒருத்தி நிற்கிறாள், அவ்வளவுதான். காலையிலிருந்தே அப்படித்தான் நின்றாள்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"கொப்புளம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப மழைத் தண்ணியா இருக்கும். போய் வேற துணி மாத்து."

"கொஞ்சூண்டு களிம்பு குடுத்தீங்கன்னா..."

"வலி வரட்டும், பாத்துக்கலாம். வலிக்காத இடத்துல தடவ இது என்ன முகப்பவுடரா?"

சின்னவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். விரல் எரிந்துகொண்டிருந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான்.

மருமகள் பீப்பாயில் இருந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். "பீப்பாயைக் காலி பண்ணிடாத, கண்ணாடி அலசணும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சொம்பை வைத்துவிட்டு உலர்ந்த துணி உடுத்திக்கொண்டு வந்தாள். கடைசிப் பலகையில் மீன்கள் வரைய வேண்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் குனிந்து வரைந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது ரொட்டியும் முட்டையும் கொஞ்சம் தின்று தேநீர் குடித்தாள். உதடு மரத்தாற்போல இருக்கிறது என்று சொன்னாள். தேநீர் சூடாக இருந்திருக்கும் என்றாள் மாமியார்.

மத்தியானத்துக்குப் பிறகு மாடியில் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று ஏலம் போடுகிற மாதிரி கத்தினார்கள். வாத்தியாரின் குரல் படியிறங்கி வந்தது.

"ஹாலஜன்னு இது ஒரு குடும்பம். நம்ம சோத்து உப்புல இருக்கிறவனும், குழாய்த் தண்ணியில மருந்து வாசம் அடிக்கிறவனும் ஒருத்தன்தான், குளோரின். புண்ணுக்குப் போடுற டிங்சர்ல இருக்கிறவன் அயோடின். பட்டறை விளக்குக்குள்ள கூட இந்தக் குடும்பத்து ஆள் உண்டு, அதனாலதான் அதுக்கு ஹாலஜன் விளக்குன்னு பேர். பற்பசையில ஒரு துளி சேர்க்கிறவன்தான் எல்லாருக்கும் மூத்தவன், ஃப்ளூரின். நம்ம பட்டறைத் திராவகத்துல இருக்கிறவனும் அவன்தான், மகா முரடன். ஏன் தெரியுமா? இந்தக் குடும்பத்துல ஒவ்வொருத்தனுக்கும் ஒரே ஒரு எலக்ட்ரான் குறையும். அந்தக் குறையை அடுத்தவன்கிட்டருந்து பிடுங்கித்தான் தீர்த்துக்குவான். பிடுங்கின பிறகு பாருங்க, அடங்கி உக்காந்துடுவான்."

கீழே வெந்நீர் சுமந்துகொண்டிருந்த முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம வீட்டுக் கதையைத்தான் பாடம் நடத்துறான்" என்றாள். மருமகள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலி வந்துடுச்சு அத்தை."

"எப்படி வலிக்குது?"

"உள்ள... எலும்பை யாரோ திருகுற மாதிரி."

வலி வந்தால் களிம்பு. சட்டப்படி முதலாளியம்மா குழாயை எடுத்துவந்தாள். குழாய் சுருண்டு, உரித்த தோல் மாதிரி கிடந்தது. வாயை அமுக்கினாள். காற்றுதான் வந்தது. மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பலாம் என்றால் கடையிலும் இல்லை என்பது போன வாரமே தெரியும்.

"எங்க, காட்டு பாப்போம்."

மருமகள் சுவரோரம் உட்கார்ந்து துணியை விலக்கினாள். முதலாளியம்மா ஹாலஜன் விளக்கைத் திருப்பி அந்தத் தொடையின் மேல் அடித்தாள். கண் கூசுகிற வெளிச்சம். கண்ணாடியில் மயிரிழைக் கீறலைக்கூடக் காட்டிவிடுகிற விளக்கு அது. தோல் அங்கங்கே கொஞ்சம் சிவந்தும் வெளுத்தும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஒரு கொப்புளம் இல்ல, ஒரு கீறல் இல்ல. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"சத்தியமா வலிக்குது அத்தை. என்னால நிக்க முடியல."

முதலாளியம்மா சட்டென்று அந்தப் பக்கத்துத் தெரு வீட்டை நினைத்தாள். குழாயைத் திறந்து பார்த்தார்களாமே! நாளைக்கு வண்டி வருகிறது, இன்றைக்கு வலி என்று படுத்துக்கொண்டால் மறுநாள் அதையே சொல்லித் தனியாகக் கிளம்ப வசதி. அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தப்பாக விளங்குவதும் பளிச்சென்றுதான் விளங்கும் என்பதை யார் அவளுக்குச் சொல்வது?

"எனக்கு நகம் பிடுங்கிக்கிட்டு வந்தப்போ நான் மறுநாள் பட்டறைக்கு வந்தேன்டி. நீ தொட்டித் தண்ணி கொஞ்சம் பட்டதுக்கு அரசி மாதிரி படுக்கிறே. சரி, படு. பல்வலிக்கு வாங்கின மாத்திரை இருக்கு, தர்றேன்."

ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, மருமகள் பாதியில் விட்ட பலகையைச் சின்னவனோடு சேர்ந்து தொட்டிக்குத் தூக்கிப்போனாள். மீன்களில் கடைசி மீனுக்கு மட்டும் வால் இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் போன பிறகு வாத்தியார் தேநீர் குடிக்கக் கீழே வந்தான். உள்ளறையில் தம்பி பெண்டாட்டி சுருண்டு கிடப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான். அவள் வலது கை நெஞ்சுக்கு மேலே இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"என்னம்மா ஆச்சு? கையை நீட்டு."

"நீட்ட வரல அத்தான். தானா மடங்குது."

வாத்தியார் நேராகப் பட்டறைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எதுக்கு?"

"விரல் மடங்குதும்மா. ஊமை தோலோட நிக்காது. உள்ள இறங்கி ரத்தத்துல, எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத் தேடிப்போய்ப் பிடுங்கும். உன் விரல் நுனி மாதிரி இல்ல இது, ரெண்டு தொடை. சுண்ணாம்புச் சத்து இறங்கினா முதல்ல விரல் மடங்கும், அப்புறம் நெஞ்சு நின்னு போகும்."

"நீ பாத்தியா?"

"படிச்சிருக்கேம்மா."

"நான் இதோட குடித்தனம் நடத்தியிருக்கேன்டா, நீ புத்தகத்துல படிச்சிருக்கே. விரலை மடக்கி வெச்சுக்கிட்டா நாளைக்கு வேலை இல்லன்னு அவளுக்குத் தெரியும். உன் பெண்டாட்டி தலைவலின்னு படுத்துதானே ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனா?"

அது அவன் அடிமடியில் கைவைக்கிற பேச்சு. முதலாளியம்மா விடவில்லை.

"ஆஸ்பத்திரியில முதல்ல என்ன கேப்பான்? என்ன திராவகம், எங்க வெச்சிருக்கீங்கன்னு கேப்பான். குடியிருக்கிற வீட்டுல இதை வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா பூட்டிட்டுப் போயிடுவான். நீ சாப்பிடுற சோறு எங்கிருந்து வருது? உன் டியூஷன்லயிருந்தா? போ, உன் படிப்பை மாடியோட வெச்சுக்க."

வாத்தியார் தம்பியைப் பார்த்தான். சின்னவன் களிம்பு அப்பிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம் அண்ணே. மாத்திரை போட்டிருக்கா" என்றான். வாத்தியார் மாடி ஏறினான். ஏறும்போது படியில் ஒரு முறை நின்றான். பிறகு ஏறிவிட்டான். அவனை நல்லவன் என்று சொல்ல அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

பட்டறையில் அலசல் நடந்தது. உள்ளறையிலிருந்து வந்த முனகல் கொஞ்ச நேரத்தில் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

"பாத்தியாடா? வலி நின்னுடுச்சு. வலி நின்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள் முதலாளியம்மா. அவளுக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. மருமகளுக்காகத் தேநீர் போட்டு, சர்க்கரை கூடுதலாகக்கூடப் போட்டாள். அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏ சித்திரம், எந்திரி. சூடா குடி."

சித்திரம் எழுந்திருக்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. தொட்டால் உடம்பு மெல்ல வெட்டி இழுத்தது.

அப்புறம் என்ன, ஓட்டம்தான். சின்னவன் பெண்டாட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் தெருமுனைக்கு ஓடினான். வண்டி கிடைக்க நேரமானது. ஆஸ்பத்திரியில் திராவகத்தின் பேரைச் சொன்னதும் டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எப்ப பட்டது?"

"காலையில."

டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஊசியோடு ஓடினாள். அந்த ஊசியிலும் இருந்தது அதே சுண்ணாம்புச் சத்துதான். ஆனால் போட்ட உடம்பில் நெஞ்சு ஏற்கெனவே நின்றிருந்தது. திரும்பி வந்த டாக்டரம்மா அவன் விரலைப் பார்த்து, தன் அறையிலிருந்து புதுக் களிம்புக் குழாய் ஒன்றை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். "இதையாவது தடவுங்க" என்றாள்.

எடுத்து அடக்கம் பண்ணியதெல்லாம் மழையிலேயே நடந்தது. ஹோட்டல்காரன் பெருந்தன்மையாக அடுத்த வாரம் வண்டி அனுப்புகிறேன் என்றான். வந்தவர்கள் துக்கம் கேட்டார்கள். பட்டறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி என்று முதலாளியம்மா சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அழுகை பொய்யில்லை. இனிமேல் யார் வரைவார்கள் என்பதும் அந்த அழுகையில் இருந்தது.

மழை வெறித்த அன்று அவள் தனியாகப் பட்டறைக்குள் போனாள். கடைசிப் பலகை அலசிய நிலையில் சுவரில் சாய்ந்திருந்தது. வெந்நீர் வைத்து மெழுகை வழித்தாள். மீன்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக வெளியே வந்தன, கடைசி மீன் வாலில்லாமல். கண்ணை மூடிக்கொண்டு விரல் பார்த்தாள். செதிலின் வளைவு, வாயின் பிளவு, துடுப்பின் நரம்பு எல்லாம் விரலுக்குத் தெரிந்தன. எங்கும் கோடு நடுங்கவில்லை.

"நல்ல கை" என்றாள். அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்க ஆளில்லை.

அந்தச் சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்தில் விரல் வலிக்க ஆரம்பித்தது. வழக்கமான வலி இல்லை. மெழுகுக்கு அடியில் நாள்கணக்காகத் தேங்கிக்கிடந்தது ஏறியிருக்க வேண்டும். முழங்கைவரை சுண்டி இழுத்தது. பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஏ சித்திரம்! அந்தக் களிம்பை எடுத்துக்கிட்டு வா!"

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. மாடியில் பாடம் நடந்துகொண்டிருந்த குரல் அப்படியே நின்றது. யாரும் இறங்கி வரவில்லை.

சின்னவன் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து புதுக் குழாயை எடுத்தான். மூடியைத் திறந்து தன் இரண்டு விரலுக்கும் நிதானமாகத் தடவினான். மூடியைத் திருகி மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எனக்குக் கொஞ்சம் குடுடா. உயிர் போகுது."

சின்னவன் அம்மாவின் விரலைக் குனிந்து பார்த்தான்.

"கொப்புளம் இருக்கா?"

"இல்லடா."

"அப்ப மழைத் தண்ணியா இருக்கும்மா" என்றான்.